பிரக்டோஸ் தீர்ந்துவிட்டது, கார்பன் கணக்கில் வரவில்லை

சக்கை

ஆராய்ச்சியில் எனக்கு இது இரண்டாம் வருடம். தாவரச் சர்க்கரையிலிருந்து எச்எம்எஃப் எடுக்கிறேன், முழுப்பெயர் ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபியூரல். எடுக்கிறேன் என்பதைவிட எடுக்கப் பார்க்கிறேன் என்று சொல்வதுதான் சரி.

50 மி.லி. தண்ணீரில் 5 கிராம் பிரக்டோஸ், வினையூக்கியாக அரை கிராம் ஆம்பர்லிஸ்ட்-15 ரெசின் (அமிலத் தொகுதிகள் ஒட்டிய பிளாஸ்டிக் மணிகள்), மூடிய ரியாக்டரில் 150 டிகிரி, 2 மணி நேரம். ஆறவைத்துத் திறந்தால் கரைசல் கருஞ்சிவப்பு. அடியில் கறுப்புத் தூள், கலக்கியின் தண்டிலும் அதே கறுப்பு, சுரண்டினால்தான் வருகிறது. கரைசலில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் பார்த்தால், 100 மூலக்கூறு பிரக்டோஸுக்கு மிச்சம் 3, எச்எம்எஃப் 19, லெவுலினிக் அமிலம் 22, ஃபார்மிக் அமிலம் 31. எல்லாவற்றையும் கார்பனாக மாற்றிக் கூட்டினால் 45 சதவீதம்தான் வருகிறது. பாதிக்கு மேல் காணோம்.

கட்டுரைகளில் இதே ரெசினை வைத்து 80, 90 என்று எச்எம்எஃப் விளைச்சல் காட்டுகிறார்கள். வழிகாட்டி இன்னும் நேரத்தைக் கூட்டிப் பார் என்கிறார். எங்கே தப்பு செய்கிறேன்?

வெள்ளீயம்

நேரத்தைக் கூட்டாதீர்கள் தம்பி, இருப்பதும் போய்விடும்.

அந்த 80, 90 எல்லாம் எந்தக் கரைப்பானில் என்று பாருங்கள். அநேகமாக டிஎம்எஸ்ஓவாக இருக்கும், அதாவது டைமெத்தில் சல்ஃபாக்சைடு. பிரக்டோஸிலிருந்து மூன்று தண்ணீர் மூலக்கூறு கழன்றால் எச்எம்எஃப். நீங்கள் அதைச் செய்வதே தண்ணீருக்குள். தண்ணீர் சும்மா இருக்காது, உண்டான எச்எம்எஃப்போடு இரண்டு மூலக்கூறு மறுபடி சேர்ந்து அதை லெவுலினிக் அமிலமாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் உடைத்துவிடும். அது ஒரு கசிவு. இரண்டாவது கசிவுதான் அந்தக் கறுப்பு, ஹியூமின் என்பார்கள். எச்எம்எஃப் தன்னோடும் சர்க்கரையோடும் ஒட்டிக்கொண்டு வளர்ந்துபோன பிசுக்கு. உங்கள் காணாமல் போன கார்பன் முக்கால்வாசி கலக்கியின் தண்டில்தான் இருக்கிறது. அதை எடை போட்டீர்களா?

டிஎம்எஸ்ஓவில் இந்த இரண்டு கசிவும் பெரிதும் அடங்கும், அதனால்தான் எண்கள் அழகாக வருகின்றன. அப்புறம் அதிலிருந்து எச்எம்எஃப்பைப் பிரிக்க வேண்டுமே, அந்தப் பத்தியைப் பல கட்டுரைகளில் காண முடியாது. டிஎம்எஸ்ஓ கொதிப்பது 189 டிகிரியில், எச்எம்எஃப்போ சூட்டைத் தாங்காது. காய்ச்சி வடிக்கப் போனால் பிரிப்பதற்குள் பாதி தாராகிவிடும். 90 சதவீத விளைச்சல் என்பது குடுவைக்குள் இருந்தபோது இருந்த விளைச்சல்.

இன்னொன்று. ஆம்பர்லிஸ்ட்-15க்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வெப்பநிலை 120 டிகிரி. நீங்கள் 150இல் ஓட்டுகிறீர்கள். ரெசினுக்கு அமிலத்தன்மை தரும் சல்ஃபானிக் தொகுதிகள் கழன்று தண்ணீரில் கலந்திருக்கும், நீங்கள் திண்ம வினையூக்கி என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் நீர்த்த கந்தக அமிலமாக இருக்கலாம். அழுத்தத்தில் இருக்கும் ரியாக்டரைச் சூட்டோடு வடிகட்டுவது கஷ்டம். அதற்குப் பதில் வெறும் தண்ணீரில் ரெசினை மட்டும் போட்டு 150இல் 2 மணி நேரம் வையுங்கள், ஆறியதும் ரெசினை வடிகட்டி எறிந்துவிட்டு அந்தத் தண்ணீரில் பிரக்டோஸைக் கரைத்து ஓட்டுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் நான் சொன்னது தப்பு.

சக்கை

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி.

சொன்னபடி செய்தேன். ரெசினை வடிகட்டிய வெறும் தண்ணீரின் பிஎச் 2.1. அதில் பிரக்டோஸ் போட்டு 150இல் 2 மணி நேரம் ஓட்டினால் 70 சதவீதம் தீர்ந்துவிட்டது. ரெசினே இல்லாமல்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் ரெசினில் சுமார் 4.7 மில்லி ஈக்விவலன்ட் அமிலம் என்றால் என் அரை கிராமில் 2.35. கரைசலில் வந்திருப்பது 0.4. கந்தக அமிலமாகக் கழன்றால் ரெசினின் ஒரு அமிலத் தளத்துக்கு ஒன்றுக்கு மேல் புரோட்டான் வரும், அதனால் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் பத்தில் ஒரு பங்கு தளமாவது ஒரே ஓட்டத்தில் போயிருக்கிறது.

மூன்று மாதமாக இதைத்தான் திண்ம அமில வினையூக்கி என்று வாராந்திரக் கூட்டத்தில் காட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய ஆலைக்காரன்

மனம் தளராதே அம்மா. ஆலையில் நாங்கள் கந்தக அமிலத்தைக் கந்தக அமிலம் என்றே சொல்லி ஊற்றினோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இருந்தது எச்எம்எஃப்புக்கு அண்ணன் முறையான ஃபர்ஃபியூரல் பக்கம். இது புதுச் சரக்கு இல்லை. 1922லேயே குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் ஓட்ஸ் உமியை அமிலத்தில் வேகவைத்து ஃபர்ஃபியூரல் எடுத்து விற்றது. உமி, சக்கை, சோளத் தண்டு எல்லாவற்றிலும் ஹெமிசெல்லுலோஸ் இருக்கிறது. அதிலிருக்கும் சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரையில் மூன்று தண்ணீர் கழன்றால் ஃபர்ஃபியூரல், உன் பிரக்டோஸ் கதையேதான், ஒரு கார்பன் குறைவு. டூபாண்ட் நைலானுக்கான இடைப்பொருளை ஒரு காலத்தில் இந்த ஃபர்ஃபியூரலில் இருந்துதான் செய்தது, 1960களின் தொடக்கத்தில் பெட்ரோலிய வழி மலிவானதும் கைவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஃபர்ஃபியூரல் நீராவியோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். கீழேயிருந்து நீராவி விட்டுக்கொண்டே இருப்போம், உண்டானது உண்டான கையோடு மேலே போய்விடும், அமிலத்தில் நிற்க விடுவதில்லை. தண்ணீரோடு அது சேர்ந்து கொதிப்பது 98 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே, ஆவியில் எடைக்கணக்கில் மூன்றில் ஒரு பங்கு ஃபர்ஃபியூரல். குளிர்ந்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். எண்ணெய் மாதிரி இருக்கும் அது மேலே மிதக்காது, கீழே உட்காரும், தண்ணீரைவிடக் கனம். புதிதாக வந்தவர்கள் மேல் அடுக்கைப் பிடித்துவைத்துவிட்டு அசலைச் சாக்கடைக்கு விடப் பார்த்த கதையெல்லாம் உண்டு. வாதுமை வாசனை அடிக்கும், பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், காற்றுப் பட்ட பாத்திரத்தில் நாளாக ஆகப் பழுப்பு, அப்புறம் கறுப்பு.

ஒருநாள் இரவு நீராவி அழுத்தம் இறங்கிவிட்டது. கவனிக்கவேண்டியவர் கவனிக்கவில்லை, அது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிடம் உள்ளே நின்றது. காலையில் திறந்தால் கடப்பாரை போட்டு உடைத்து எடுக்கும்படி ஆகிவிட்டது. இத்தனைக்கும் நல்ல நாளிலேயே எங்களுக்குக் கிடைத்தது கொள்கைப்படி வரவேண்டியதில் பாதிதான்.

உன் எச்எம்எஃப்புக்கு நீராவி வழி கிடையாது, அது ஆவியாகி வராது. ஆனால் தத்துவம் அதேதான். எந்த வினையூக்கி என்று தேடுவதை நிறுத்திவிட்டு உண்டானதை எப்படி உடனே வெளியே இழுப்பது என்று யோசி.

வெள்ளீயம்

ஐயா சொன்னதைத்தான் வேதிப் பொறியாளர் டூமெசிக்கின் குழு 2006இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வேறு விதமாகச் செய்தது. கீழே அமிலத் தண்ணீர், மேலே மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோனும் கொஞ்சம் 2-பியூட்டனாலும் கலந்த அடுக்கு. வினை கீழே நடக்கும், எச்எம்எஃப் மேலே ஏறிக்கொள்ளும். மேலே அமிலம் கிடையாது, அதனால் அங்கே நிம்மதியாக இருக்கும். 180 டிகிரியில் சில நிமிடம்தான், 2 மணி நேரம் எல்லாம் தேவையே இல்லை. இந்த வினைக்குச் சூடு அதிகமாகவும் நேரம் குறைவாகவும் இருப்பதுதான் ஒத்துவருகிறது. பின்னால் தண்ணீர் அடுக்கில் சாதாரண உப்பைக் கரைத்தார்கள், உப்பு கரைந்தால் எச்எம்எஃப்புக்குக் கீழே இடம் பிடிக்காது, இன்னும் அதிகமாக மேலே தள்ளப்படும்.

அப்புறம் பிரக்டோஸே எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. செல்லுலோஸை உடைத்தால் கிடைப்பது குளுக்கோஸ், அது இந்த வினைக்கு லேசில் வளையாது. முதலில் பிரக்டோஸாக மாற்ற வேண்டும். அதற்கு நொதி உண்டு, ஆனால் அமிலத்திலும் சூட்டிலும் நிற்காது. 2010இல் அமெரிக்காவின் கால்டெக்கில் டேவிஸ் குழு, வெள்ளீய அணுவைத் தன் சட்டத்துக்குள் வைத்திருக்கும் பீட்டா ஜியோலைட் என்ற நுண்துளைத் திண்மத்தை எடுத்தது. 110 டிகிரியில் அரை மணி நேரத்தில் 46 சதவீதம் குளுக்கோஸ் மிச்சம், 31 பிரக்டோஸ், 9 மேனோஸ். அமிலத் தண்ணீரிலும் அது வேலை செய்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். என் பெயருக்குக் காரணம் அதுதான்.

பழைய ஆலைக்காரன்

180 டிகிரி, ஹைட்ரோகுளோரிக் அமிலம், போதாததற்கு உப்பு வேறு. எந்த உலோகத்தில் பாத்திரம் செய்வது என்று அந்தக் கட்டுரை எழுதியவர்களைக் கேட்க வேண்டும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகைக் குளோரைடு குழி குழியாகத் தின்றுவிடும். கண்ணாடிப் பூச்சுப் பாத்திரத்தில் செய்யலாம், விலையைக் கேட்டால் முதலாளி எழுந்து போய்விடுவார். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயில் செய்துகொள் அம்மா, ஸ்டீல் ரியாக்டரில் உப்பைப் போட்டுவிடாதே.

நிதானி

எல்லாம் சரி, ஒரு அடிப்படைக் கேள்வி. எதற்கு எச்எம்எஃப்?

கச்சா எண்ணெயில் ஆக்சிஜன் அநேகமாகக் கிடையாது, வேண்டிய இடத்தில் நுழைப்பதுதான் அந்த வேதியியல். செடியில் தலைகீழ், கார்பனுக்குக் கார்பன் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எதைக் கழற்றி எதை விடுவது என்பதுதான் பிரச்சினை. கழற்றுகிற ஒவ்வொன்றும் எடை. ஒரு காகிதத்தை எடுத்து எழுதிப் பாருங்கள், வினையூக்கி எதுவும் வேண்டாம், எல்லாமே 100 சதவீத விளைச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

180 கிராம் குளுக்கோஸ். அதை எத்தனாலாக்கினால் 92 கிராம், மீதி கரியமில வாயுவாகப் போயிற்று. அந்த எத்தனாலை அலுமினா மேல் விட்டு எத்திலீன் ஆக்கினால் 56 கிராம். நூற்றுக்கு 31. மூட்டையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்றிலும் தண்ணீரிலும் போய்விட்டது. எச்எம்எஃப் ஆக்கினால் 126 கிராம், 70 சதவீதம். அதை ஆக்சிஜனேற்றி ஃபியூரான் டைகார்பாக்சிலிக் அமிலம் ஆக்கினால் 156 கிராம், எடை ஏறிவிடுகிறது, 87. ஐசோசார்பைடு 146 கிராம், 81. லாக்டிக் அமிலம் 180க்கு 180. சார்பிட்டால் 182, போட்டதைவிடக் கூட, ஏனென்றால் ஹைட்ரஜனைச் சேர்க்கிறோம், எதையும் கழற்றவில்லை.

சார்பிட்டால் எத்தனையோ வருடமாக நிக்கலிலும் ருத்தேனியத்திலும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி யாரும் கருத்தரங்கில் பேசுவதில்லை. எச்எம்எஃப்பைக் கடைசிப் பொருளாக நினைக்காமல் ஃபியூரான் டைகார்பாக்சிலிக் அமிலத்துக்குப் போகிற வழியாக நினைத்தால் ஒப்புக்கொள்கிறேன். அதில் செய்யும் பாலியெஸ்டர், தண்ணீர் பாட்டில் செய்யும் பிஇடியைவிட ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் நன்றாகத் தடுக்கிறது, பெட்ரோலியத்தில் இருந்து சுலபமாகக் கிடைக்காத பொருளும் கூட. ஆனால் எச்எம்எஃப்பிலிருந்து எல்லா ஆக்சிஜனையும் சுரண்டி எடுத்து டீசல் செய்கிறேன் என்று ஹைட்ரஜனை விழுங்கும் ஆட்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

பிரேசிலில் 2010 முதல், தொடக்கத்தில் வருடத்துக்கு 2 லட்சம் டன் என்று, எத்திலீன் எத்தனாலில் இருந்து வருகிறதே என்று யாராவது சொல்வீர்கள். வருகிறது. கரும்பு அங்கே மலைபோல் இருக்கிறது, அதனால் ஓடுகிறது. கணக்கு மாறவில்லை.

பிசின்

இந்தக் கணக்கைப் படித்து ரசித்தேன். ஆனால் எல்லாரும் சர்க்கரையையே பிடித்துத் தொங்குகிறீர்களே. செடி ஏற்கெனவே பாதி வேலையை முடித்து வைத்திருக்கும் மூலக்கூறுகள் இருக்கின்றன.

டர்பன்டைனை எடுங்கள். அதில் ஆல்ஃபா பைனீன், பீட்டா பைனீன். பத்துக் கார்பன், வளையம், வளையத்துக்குள் இன்னொரு வளையம், எல்லாம் கட்டிக் கொடுத்திருக்கிறது மரம். ஆல்ஃபா பைனீனை அமிலப்படுத்திய டைட்டானியம் ஆக்சைடு மேல் சூடாக்கினால் கேம்ஃபீன், அதை அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்து, நீராற்பகுத்து, செம்பு வினையூக்கியில் ஹைட்ரஜனைக் கழற்றினால் செயற்கைக் கற்பூரம். கார்பன் ஒன்றுகூடப் போகவில்லை, பத்தும் பத்தாகவே இருக்கிறது.

பீட்டா பைனீனின் கதை இன்னும் அழகு. சூட்டில் அது மிர்சீன் ஆகும். அதனோடு டைஎத்தில் அமீனைச் சேர்த்து, ரோடியமும் பைநாப் என்ற கைத்தன்மை உள்ள பாஸ்பீனும் சேர்ந்த வினையூக்கியில் இரட்டைப் பிணைப்பை ஓரிடம் நகர்த்துவார்கள். நகர்த்துவது மட்டும்தான், எதையும் சேர்ப்பதில்லை, எடுப்பதில்லை. ஆனால் நகரும்போது மூலக்கூறு இடது கையா வலது கையா என்பது தீர்மானம் ஆகிவிடுகிறது. அங்கேயிருந்து சிட்ரோனெல்லால், துத்தநாக புரோமைடில் வளையம் மூடி ஐசோபுலெகால், நிக்கலில் ஹைட்ரஜனேற்றினால் மென்தால், குளிர்ச்சி தரும் அதே ஒற்றைக் கை மென்தால். ஜப்பானில் தகாசாகோ நிறுவனம் 1980களிலேயே இதை ஆலை அளவில் ஓட்டியது, இந்த வகை வேதியியலுக்காக நொயோரிக்கு 2001இல் நோபல் பரிசு. கட்டுரைகளில் சர்க்கரைக்காரர்கள் 10 சதவீதக் கரைசலில் திணறிக்கொண்டிருக்கும்போது இவர்கள் எத்தனையோ ஆயிரம் டன் வித்துவிட்டார்கள்.

ஆமணக்கையும் மறந்துவிடாதீர்கள். ரிசினோலியிக் அமிலத்தில் பன்னிரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில், ஒன்பதாவதில் இரட்டைப் பிணைப்பு. வேறு எண்ணெய்களில் சாதாரணமாக இல்லாத அந்த ஒரு ஹைட்ராக்சில்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அதன் மெத்தில் எஸ்டரைச் சுடச்சுட உடைத்தால் பதினோரு கார்பன் துண்டும் ஏழு கார்பன் துண்டும் தனித்தனியாக வரும். பதினோரு கார்பனில் இருந்து நைலான்-11. ஏழு கார்பன் ஹெப்டால்டிஹைடு வாசனைத் தொழிலுக்கு. இரண்டும் விலைபோகும். இதில் உடைக்கும் இடத்தில் வினையூக்கிகூட இல்லை, வெறும் சூடு, செடி குறித்துவைத்த இடத்தில் தானே உடைகிறது.

நிதானி

பிசின் சொல்வது அத்தனையும் உண்மை, அளவைத் தவிர. உலகத்து டர்பன்டைன் முழுவதையும் சேர்த்தால் வருடத்துக்குச் சில லட்சம் டன். எத்திலீன் மட்டுமே 15 கோடி டன்னுக்கு மேல். கற்பூரமும் மென்தாலும் அருமையான வியாபாரம், பெட்ரோலியத்தை நகர்த்தாது. நகர்த்த வேண்டுமென்றால் குப்பையாகக் கிடக்கும் மரமும் வைக்கோலும்தான், அதாவது திரும்பச் சர்க்கரை, இல்லையென்றால் மரத்தின் நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின்.

மரவெட்டி

லிக்னின் என்று பெயர் சொன்னதும் வந்துவிட்டேன்.

மரத்தில் கால்வாசி லிக்னின். இயற்கையில் பென்சீன் வளையங்கள் இவ்வளவு குவிந்து கிடக்கும் இடம் வேறு இல்லை, ஆனாலும் பெரும்பாலும் கொதிகலனில் எரிக்கிறோம். ஏன் என்றால் காகித ஆலையில் அதை வெளியே எடுக்கும் விதத்திலேயே அது கெட்டுவிடுகிறது. அமிலமும் காரமும் சூடும் பட்டதும் லிக்னின் கண்ணிகளை ஆக்சிஜன் வழியாகச் சேர்த்துவைத்திருக்கும் பீட்டா-ஓ-4 பிணைப்புகள் அறுகின்றன, அறுந்த முனைகள் சும்மா நிற்காமல் பக்கத்து வளையத்தில் கார்பனோடு கார்பனாகப் பிடித்துக்கொள்கின்றன. அதற்குப்பின் எந்த வினையூக்கியை வைத்தும் பிரயோஜனம் குறைவு. சக்கையின் ஹியூமினுக்கு இது பங்காளி.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு, புதிதாக வரும் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன். சங்கிலியின் நடுவில் இருக்கும் ஒரு கண்ணி தனியே விழ வேண்டுமானால் அதன் இரண்டு பக்கமும் அறுபட வேண்டும். அறுக்கக்கூடிய பிணைப்பு 70 சதவீதம் என்றால் தனிக்கண்ணி 0.7 பெருக்கல் 0.7, அதாவது சுமார் 49 சதவீதம். 45 சதவீதம்தான் என்றால் 20. பிர்ச் மாதிரி அகன்ற இலை மரங்களில் ஏறக்குறைய பாதி வருவதற்கும் ஊசியிலை மரங்களில் ஐந்தில் ஒரு பங்கோடு நின்றுவிடுவதற்கும் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. காகித ஆலை லிக்னினில் அறுக்கக்கூடியது 10 சதவீதம்தான் மிச்சம் என்றால் பெருக்கிப் பாருங்கள், 1 சதவீதம். அதற்கு மேல் வினையூக்கியைத் திட்டிப் பயனில்லை.

அதனால் இப்போது மரத்தூளையும் வினையூக்கியையும் மெத்தனாலையும் ஒன்றாகவே போட்டு, 200 டிகிரிக்கு மேல் ஹைட்ரஜனில் ஓட்டுகிறார்கள். லிக்னின் வெளியே வரவர, முனை ஒட்டிக்கொள்வதற்கு முன்பே ருத்தேனியமோ நிக்கலோ அதைச் சாந்தப்படுத்திவிடுகிறது. ஆலைக்கார ஐயா நீராவியால் செய்ததை இவர்கள் ஹைட்ரஜனால் செய்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் லூட்டர்பாக்கர் குழு 2016இல் ஃபார்மால்டிஹைடை வைத்து முனைகளுக்கு மூடி போட்டது. பெல்ஜியத்தின் லூவனில் செல்ஸ் குழு 2020இல் பிர்ச் மரத்தின் எடையில் 78 சதவீதத்தைப் பயனுள்ள பொருளாக்கிக் காட்டியது, பீனாலும் புரொப்பிலீனும், எத்தனாலாக்கக்கூடிய கூழும் அதில் அடக்கம்.

வனிலா மணம் தரும் வனிலினைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நார்வேயில் போரிகார்ட் நிறுவனம் இன்றைக்கும் லிக்னினை ஆக்சிஜனேற்றி வனிலின் எடுக்கிறது. சல்ஃபைட் முறைக் கூழ் ஆலை பக்கத்திலேயே இருப்பதால் அவர்களுக்குக் கட்டுபடியாகிறது.

சக்கை

எல்லாவற்றையும் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஹியூமினை எடை போடுகிறேன், இன்னும் காயவில்லை.

இதற்கிடையில் வேறு தலைவலி. பக்கத்து மேசையில் இருப்பவர் கரும்புச் சக்கையை நீராற்பகுத்த சர்க்கரைக் கரைசலை அலுமினா மேல் படிந்த ருத்தேனியத்தில் ஹைட்ரஜனேற்றுகிறார். சுத்தமான குளுக்கோஸில் அற்புதமாக ஓடியது. ஐந்து தடவை மறுபயன்பாடு, ஐந்திலும் 100 சதவீதம், வரைபடத்தில் ஐந்து கம்பமும் ஒரே உயரம். சக்கைக் கரைசலை ஊற்றியதும் இரண்டாவது ஓட்டத்திலேயே படுத்துவிட்டது.

வெள்ளீயம்

அந்த ஐந்து கம்பத்தைப் பற்றி எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன் தெரியுமா. நானே முதல் கட்டுரையில் அப்படித்தான் போட்டேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

20 நிமிடத்தில் முடிகிற வினையை 4 மணி நேரம் ஓட்டினால் வினையூக்கியில் பத்தில் ஒன்பது பங்கு செத்திருந்தாலும் 100 சதவீதம்தான் காட்டும். நான்கு பேர் வேலைக்கு நாற்பது பேரை வைத்துக்கொண்டு, முப்பது பேர் வரவில்லை என்பது தெரியவில்லையே என்பது மாதிரி. 30, 40 சதவீதம் மாறும்போதே நிறுத்தி, அந்த வேகத்தை ஓட்டத்துக்கு ஓட்டம் ஒப்பிடச் சொல்லுங்கள். கம்பங்கள் படிக்கட்டாக இறங்குவதைப் பார்க்கலாம்.

சக்கைக் கரைசலில் சர்க்கரை மட்டும் இல்லை. புரதத்திலிருந்து சிஸ்டீன், மெத்தியோனின், இரண்டிலும் கந்தகம், ருத்தேனியத்தின் மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. நீராற்பகுக்கக் கந்தக அமிலம் பயன்படுத்தியிருந்தால் அதன் மிச்சமும் சேரும். பொட்டாசியமும் கால்சியமும் அமில வினையூக்கி இருந்தால் அதை நடுநிலையாக்கும். போதாததற்கு அலுமினா. 200 டிகிரித் தண்ணீரில் காமா அலுமினா போமைட் என்ற வேறு கனிமமாக மாறும், மேல்பரப்பு சுருங்கும், உலோகத் துகள்கள் அதில் புதைந்துபோகும். பெட்ரோலியக்காரர்கள் ஆவி நிலையில் வேலை செய்தார்கள், அவர்களுக்கு அலுமினா போதும். நமக்குக் கரி, டைட்டானியா, சிர்கோனியா.

நிதானி

சக்கை, உங்கள் முதல் எண்களைத் திரும்பப் பார்த்தேன். ஒன்று உறுத்துகிறது. எச்எம்எஃப் ஒன்று உடைந்தால் லெவுலினிக் ஒன்று, ஃபார்மிக் ஒன்று. உங்களுக்கு 22க்கு 31. கொஞ்சம் கூடுதலாக வரலாம், வேறு வழிகளிலும் ஃபார்மிக் உண்டாகும், ஆனால் 9 மூலக்கூறு அதிகம் என்பது நிறையவே. எச்பிஎல்சியில் எந்தக் காலம், அதாவது பிரிக்கும் குழாய், எத்தனை நிமிடம் ஓட்டுகிறீர்கள்?

சக்கை

அமினெக்ஸ் எச்பிஎக்ஸ்-87எச். 65 டிகிரி, 5 மில்லிமோலார் கந்தக அமிலம், நிமிடத்துக்கு 0.6 மி.லி., ஒளிவிலகல் டிடெக்டர். ஓட்டம் 30 நிமிடம். எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்துவைத்த முறை.

நிதானி

எச்எம்எஃப் எத்தனையாவது நிமிடம் வருகிறது?

சக்கை

29...

ஐயோ.

நிதானி

30இல் நிறுத்துவதால் எச்எம்எஃப் சிகரத்தின் வால் வெட்டுப்படுகிறது. அது போகட்டும், ஃபர்ஃபியூரல் எங்கே? ஹெக்சோஸிலிருந்தும் கொஞ்சம் ஃபர்ஃபியூரல் வரும். இந்தக் குழாயில் அது 44 நிமிடம் பக்கத்தில் வெளியே வரும். நீங்கள் 30இல் நிறுத்தி அடுத்த மாதிரியை ஏற்றிவிடுகிறீர்கள். 44இல் 30 போனால் 14. ஃபார்மிக் எத்தனையாவது நிமிடம்?

சக்கை

13.8. வெறும் தண்ணீரை ஏற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சக்கை

பார்த்துவிட்டேன். மாதிரியை ஏற்றி 30இல் நிறுத்தி, உடனே வெறும் தண்ணீரை ஏற்றினேன். தண்ணீரில் 14ஆவது நிமிடம் அழகாக ஒரு மேடு. ஒளிவிலகலில் ஃபார்மிக்குக்கு உணர்திறன் குறைவு, ஃபர்ஃபியூரலுக்கு நிறைய, அதனால் துளி ஃபர்ஃபியூரலே ஃபார்மிக் கணக்கை ஊதிவிட்டிருக்கிறது. முந்தின மாதிரியின் பேய் அடுத்த மாதிரியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முறையை 55 நிமிடமாக மாற்றிவிட்டேன், எச்எம்எஃப்புக்குப் புற ஊதாவும் சேர்த்துப் பார்க்கிறேன், 284 நானோமீட்டர்.

அதே கரைசலைத் திரும்ப ஓட்டியதில் எச்எம்எஃப் 26, லெவுலினிக் 22, ஃபார்மிக் 23, பிரக்டோஸ் 3. கார்பன் 51 சதவீதம். ஹியூமின் காய்ந்துவிட்டது, ரெசினின் எடையைக் கழித்தால் 1.1 கிராம். அதில் கார்பன் 62 சதவீதம் என்று வைத்தால் 0.68 கிராம், போட்ட 2 கிராம் கார்பனில் 34 சதவீதம். ஆக 85. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் பழுப்புதான் மிச்சம் என்று நினைக்கிறேன்.

இரட்டை அடுக்கையும் ஒரு தடவை ஓட்டினேன். தடித்த கண்ணாடிக் குழாய், எண்ணெய்த் தொட்டி 180 டிகிரி, 3 நிமிடம், பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி நிறுத்தினேன். பிரக்டோஸ் 74 தீர்ந்தது, எச்எம்எஃப் 48. அதாவது தீர்ந்ததில் மூன்றில் இரண்டு பங்கு. குழாயின் சுவரில் கறுப்பு இல்லை, மேலடுக்கு தேன் நிறத்தில் இருக்கிறது. வழிகாட்டியிடம் காட்டினேன், 90க்கு எப்போது வரும் என்று கேட்டார். பிரிக்கிற படியையும் சேர்த்தா என்று நான் கேட்டேன். பதில் வரவில்லை.

அடுத்து தண்ணீர் அடுக்கில் உப்பைச் சேர்க்கப்போகிறேன்.

பழைய ஆலைக்காரன்

கண்ணாடியில்தானே?

சக்கை

கண்ணாடியில்தான் ஐயா.

வெள்ளீயம்

உப்புத் தண்ணீர் அடுக்கை அப்படியே 87எச்சில் ஏற்றிவிடாதீர்கள் தங்கச்சி. சோடியம் போய் ஹைட்ரஜன் இருக்கும் இடத்திலெல்லாம் உட்கார்ந்துகொள்ளும், சிகரங்கள் நகர ஆரம்பிக்கும், குழாய் கெட்டுவிடும். நன்றாக நீர்க்கச் செய்து ஏற்றுங்கள், முன்னால் காப்புக்கு ஒரு கார்டு காலமும் (சின்னக் குழாய்) இருக்கட்டும்.